ஒழுங்கும் ஒரு விதிவிலக்கும்: ஆங்கெல் யோர்தனெஸ்குவின் ருமேனியா

ருமேனியக் கால்பந்து என்றதும் பெரும்பாலான ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது கெயோர்கே ஹாஜி என்ற ஒரே பெயர்தான். 1994 உலகக் கோப்பையில் கொலம்பியாவையும் அர்ஜென்டினாவையும் வீழ்த்திய மஞ்சள் சட்டை அணி பலருக்கும் நினைவிருக்கும். அந்த அணியின் பயிற்சியாளர் யார் என்று கேட்டால், அன்று இரவு முழுவதும் விழித்திருந்து ஆட்டங்களைப் பார்த்தவர்கள்கூடச் சற்றுத் தயங்குவார்கள். அவர் பெயர் ஆங்கெல் யோர்தனெஸ்கு. 1993 முதல் 1998 வரை, 2002 முதல் 2004 வரை, 2014 முதல் 2016 வரை என மூன்று வெவ்வேறு காலங்களில் தேசிய அணியைப் பொறுப்பேற்று நடத்தியவர். இரண்டு உலகக் கோப்பைகளுக்கும், நாடுகள் மோதும் ஐரோப்பியக் கோப்பை (யூரோ) இரண்டுக்கும் அதை அழைத்துச் சென்றவர். ருமேனியா உலகக் கோப்பையில் எட்டிய மிக உயரமான படியும், ஐரோப்பியக் கோப்பையில் சந்தித்த மோசமான இரண்டு வெளியேற்றங்களும் இவர் காலத்தில்தான் நிகழ்ந்தன.

இந்த முரண்பாட்டை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்த்தால், வெற்றிகளுக்கும் தோல்விகளுக்கும் வேர் ஒன்றாகவே இருப்பது தெரிகிறது. அவர் ராணுவக் கிளப்பில் வளர்ந்த ஒழுங்கின் மனிதர். அந்த ஒழுங்குக்குள் ஒரே ஒருவருக்கு மட்டும் முழு விலக்கு அளித்தபோது அவருடைய அணி மலர்ந்தது. விலக்குக்குத் தகுந்த ஆள் கிடைக்காதபோது ஒழுங்கு மட்டும் எஞ்சியது, கோல்கள் வறண்டன.

யோர்தனெஸ்கு 1950 மே 4 அன்று, நாட்டின் வடகிழக்கில் உள்ள யாஷி நகரில் பிறந்தார். உள்ளூர் அணியில் தொடங்கி, 1968இல் தலைநகர் புகாரெஸ்டின் ஸ்டெயாவா கிளப்புக்கு வந்து, பதினான்கு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். ஸ்டெயாவா பாதுகாப்பு அமைச்சகத்தின் கிளப். அதன் நிரந்தர எதிரியான தினாமோ உள்துறை அமைச்சகத்தின் கிளப். கம்யூனிஸ்ட் ருமேனியாவில் இந்த இரண்டும் மோதும் ஆட்டம் இரண்டு அதிகார மையங்களின் மோதலாகவும் இருந்தது. வீரர்களுக்கு ராணுவப் பதவிகள் வழங்கப்படும். பதவி உயர்வும் உண்டு. யோர்தனெஸ்கு பிற்காலத்தில் ஜெனரல் தகுதி வரை உயர்ந்தார். ருமேனியப் பத்திரிகைகள் அவரை ‘ஜெனரல்’ என்று அழைத்தது வெறும் பட்டப்பெயர் அல்ல. வீரர்களிடையே அவருக்கு வேறொரு பெயர் இருந்தது: ‘தாத்தா புயு’. ருமேனிய மொழியில் ‘தாத்தா’ என்றால் அப்பா. புயு என்பது அவருடைய செல்லப் பெயர். அதட்டவும் தெரிந்த, அணைக்கவும் தெரிந்த தகப்பன் என்ற அந்த இரட்டைப் படிமத்தை அவர் கடைசி வரை கைவிடவில்லை.

வீரராக அவர் சாதாரணமானவர் அல்ல. தாக்குதல் நடுக்களத்திலும் முன்களத்திலும் ஆடிய அவர் 1976லும் 1978லும் லீக் பட்டம் வென்ற ஸ்டெயாவா அணியின் முக்கியமான கோல் எடுப்பவர். 1981–82 பருவத்தில் 20 கோல்களுடன் ருமேனிய லீகின் அதிக கோல் அடித்தவராக முடித்தார். 1980 அக்டோபரில் புகாரெஸ்டில் இங்கிலாந்தை ருமேனியா 2–1 என வென்றபோது வெற்றி கோலைப் பெனால்ட்டியில் அடித்தவரும் அவரே. ஆனால் அவர் ஆடிய ஆண்டுகளில் ருமேனியா உலகக் கோப்பைக்குச் சென்றது ஒரே ஒருமுறை, 1970இல். அப்போது அவருக்கு வயது இருபது, அணியில் இடமில்லை. 1974, 1978, 1982 மூன்றுக்கும் தகுதி பெறவில்லை. உலகக் கோப்பை மைதானத்தில் கால் வைக்காமலேயே அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது. 1982இல் கிரீஸின் கிரீட் தீவிலுள்ள ஓஎஃப்ஐ கிளப்புக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டு, ஸ்டெயாவாவுக்குத் துணைப் பயிற்சியாளராகத் திரும்பினார்.

அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் எமெரிக் யெனெய். எழுபதுகளில் யோர்தனெஸ்கு வென்ற இரண்டு லீக் பட்டங்களின்போதும் பயிற்சியாளர் இவரே. குரல் உயர்த்தாதவர், பந்தைக் குறுகிய கடத்தல்களில் வைத்திருந்து எதிரணியைச் சோர்வடையச் செய்வதில் நம்பிக்கை கொண்டவர். 1985–86 பருவத்தில் இவருடைய அணி ஐரோப்பிய கிளப் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) அரையிறுதியில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்டிடம் முதல் ஆட்டத்தில் 0–1 எனத் தோற்று, இரண்டாம் ஆட்டத்தில் 3–0 என வென்று இறுதிக்குச் சென்றது. இறுதி ஆட்டம் 1986 மே 7 அன்று ஸ்பெயினின் செவில் நகரில், எதிரணி பார்சலோனா, மைதானம் முழுக்க ஸ்பானிய ரசிகர்கள். கேப்டன் துடோரெல் ஸ்டோய்க்கா மஞ்சள் அட்டைத் தடையால் ஆட முடியாத நிலை.

அந்த ஆட்டத்தின் 72ஆம் நிமிடத்தில் யெனெய் எடுத்த முடிவு, இன்று ஒரு பயிற்சியாளர் நினைத்துப் பார்க்கவும் தயங்குவது. நடுக்களத்தில் லூச்சியான் பலானை வெளியே அழைத்துவிட்டு, தன் பக்கத்தில் அமர்ந்திருந்த துணைப் பயிற்சியாளரை உள்ளே அனுப்பினார். மூன்று நாள் முன்புதான் 36 வயதை நிறைவு செய்த யோர்தனெஸ்கு, வீரர் பட்டியலில் பெயர் இருந்த காரணத்தால், ஐரோப்பிய கிளப் கோப்பை இறுதியில் களம் இறங்கினார். ஓடித் திரிவதற்காக அவரை அனுப்பவில்லை. பந்து காலுக்கு வரும்போது பதற்றப்படாத ஒருவர் தேவைப்பட்டார். 0–0 என்ற நிலையைக் கூடுதல் நேரம் முழுவதும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அது நடந்தது. பெனால்ட்டி சுற்றில் கோல்கீப்பர் ஹெல்முத் டுக்கடாம் பார்சலோனாவின் நான்கு உதைகளையும் தடுத்தார். ஸ்டெயாவாவின் முதல் இரண்டும் வீணாயின, லாக்காதுஷும் பலிண்ட்டும் கோல் அடித்தனர், 2–0. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அந்தக் கோப்பையை வென்ற முதல் கிளப் அதுதான். அந்த இரண்டு மணி நேரம் யோர்தனெஸ்குவுக்கு ஒரு பாடமாகப் பதிந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு: பெரிய அணியைத் தாக்கி வெல்ல முடியாவிட்டாலும், வடிவம் கலையாமல் நின்றால் வெல்ல முடியும்.

அதே ஆண்டு யெனெய் தேசிய அணிக்குச் சென்றதும் ஸ்டெயாவா முழுமையாக யோர்தனெஸ்குவின் கைக்கு வந்தது. டிசம்பரில் டோக்கியோவில் தென் அமெரிக்கச் சாம்பியன் ரிவர் பிளேட்டிடம் 0–1 எனத் தோற்றாலும், 1987 பிப்ரவரியில் மொனாக்கோவில் டைனமோ கீவை 1–0 என வென்று ஐரோப்பிய சூப்பர் கோப்பையைக் கைப்பற்றினார். கோல் அடித்தவர் ஹாஜி. ஸ்போர்துல் ஸ்டூடென்செஸ்க் என்ற சிறிய கிளப்பின் வீரரான அவரை இந்த ஒரு ஆட்டத்துக்காகக் கடன் வாங்கியதாகத்தான் ஏற்பாடு. ஆட்டம் முடிந்ததும் ராணுவக் கிளப் அவரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சர்வாதிகாரி நிக்கோலே சௌஷெஸ்குவின் மகன் வாலென்டின் அந்தக் கிளப்பின் புரவலர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், சிறிய கிளப் ஏன் கேள்வி கேட்கவில்லை என்பது விளங்கும்.

அடுத்த மூன்று பருவங்களிலும் லீக் பட்டம் ஸ்டெயாவாவுக்கே. 1986 முதல் 1989 வரை தொடர்ந்து 104 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இந்த எண்ணிக்கையைப் பாராட்டும்போது ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 1988 ருமேனியக் கோப்பை இறுதியில் தினாமோவுக்கு எதிராக 1–1 என்றிருந்த நிலையில், கடைசி நேரத்தில் ஸ்டெயாவாவின் பலிண்ட் அடித்த கோலை நடுவர்கள் ஆஃப்சைடு என்று மறுத்ததும், ஸ்டெயாவா வீரர்கள் களத்தை விட்டே வெளியேறினர். வெளியேறிய அணி தோற்றதாக அறிவிக்கப்படுவதுதான் உலக வழக்கம். அங்கே அந்த கோல் செல்லும் என்று பின்னர் அறிவித்து, கோப்பையை வெளியேறிய அணிக்கே கொடுத்தார்கள். 1989 புரட்சிக்குப் பிறகு ஸ்டெயாவா அந்தக் கோப்பையைத் துறந்தது. இத்தகைய சூழலில் உள்நாட்டில் பெற்ற வெற்றிகளை மட்டும் வைத்து ஒரு பயிற்சியாளரை எடைபோட முடியாது.

ஆனால் ருமேனிய அமைச்சர்களின் கை ஐரோப்பிய நடுவர்கள் வரை நீளவில்லை. 1988இல் ஐரோப்பிய கிளப் கோப்பை அரையிறுதியில் பென்ஃபிகாவிடம் தோற்ற ஸ்டெயாவா, அடுத்த ஆண்டு ஸ்பார்ட்டா பிராக்கை 5–1, ஸ்பார்ட்டக் மாஸ்கோவை 3–0, கோத்தென்பர்கை 5–1, கலாட்டசராயை 4–0 என்று அடித்து நொறுக்கி மீண்டும் இறுதிக்குச் சென்றது. 1989 மே 24 அன்று பார்சலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் அரிகோ சாக்கியின் மிலான் அணி அவர்களை 4–0 என்று வீழ்த்தியது. ஹுல்லிட் இரண்டு, வான் பாஸ்டன் இரண்டு. மிலான் முன்கூட்டியே நெருக்கி அழுத்தியதில் ஸ்டெயாவாவின் நிதானமான கடத்தலுக்கு மூச்சுவிட இடமே கிடைக்கவில்லை. வேகமாக அழுத்தும் அணிகளுக்கு எதிரே யோர்தனெஸ்குவின் ஆட்டமுறை திணறும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. அதுவரை வெளிநாட்டுக் கிளப்புகளுக்குச் செல்ல அனுமதி கிடைக்காத ஒரு தலைமுறை, 1990 உலகக் கோப்பையோடு மேற்கு ஐரோப்பாவுக்குப் பறந்தது. ஹாஜி ரியல் மாட்ரிட்டுக்கும், ஜீக்கா போபெஸ்கு நெதர்லாந்தின் பிஎஸ்விக்கும், லுபெஸ்கு ஜெர்மனியின் லெவர்கூசனுக்கும், பெட்ரெஸ்கு இத்தாலிக்கும் சென்றனர். மூடிய நாட்டின் பயிற்சிப் பள்ளிகளில் செதுக்கப்பட்டு, திறந்த சந்தையில் கூர்தீட்டப்பட்ட தலைமுறை அது. 1994இன் ருமேனியாவை யோர்தனெஸ்கு உருவாக்கினார் என்று சொல்வது மிகை. அவருக்கு அது வாய்த்தது. வாய்த்ததை அவர் வீணாக்கவில்லை.

அவர் சைப்ரஸின் அனோர்தோசிஸ் கிளப்பில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி, 1993இல் ஸ்டெயாவாவுக்கு மீண்டும் லீக் பட்டம் பெற்றுத் தந்தார். அதே ஜூன் மாதத்தில் ருமேனியத் தேசிய அணி ஸ்லோவாக்கியாவின் கோஷிட்செ நகரில் செக்–ஸ்லோவாக் கூட்டு அணியிடம் 2–5 எனத் தோற்றது. பயிற்சியாளர் கோர்னெல் டினு பதவியிழந்தார். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் மூன்று ஆட்டங்கள் மட்டுமே மீதமிருந்த நிலையில் யோர்தனெஸ்கு உள்ளே வந்தார். ஃபாரோ தீவுகளை 4–0, பெல்ஜியத்தை 2–1 என வென்ற பிறகு, கடைசி ஆட்டம் கார்டிஃபில் வேல்ஸுடன். 1–1 என்ற நிலையில் வேல்ஸுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. பால் போடின் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் அடித்துத் திரும்பியது. 83ஆம் நிமிடத்தில் ரெதுச்சோயு கோல் அடித்தார். அந்தக் கம்பம் சில அங்குலம் உயரமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அமெரிக்காவில் முதல் ஆட்டம் 1994 ஜூன் 18, பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் கொலம்பியாவுடன். பெலே கோப்பை வெல்லும் என்று குறிப்பிட்டிருந்த அணி அது. யோர்தனெஸ்கு தன் அணியைப் பின்னே இழுத்து நிறுத்தினார். பெலோதெதிச்சும் அவருடைய துணைவர்களும் பெனால்ட்டிப் பகுதியின் முன்னே நெருக்கமாக நிற்க, லுபெஸ்குவும் போபெஸ்குவும் அவர்களுக்கு முன்னால் அரண் அமைக்க, பந்து பறிக்கப்பட்டவுடன் அது ஹாஜியின் இடது காலுக்குச் சென்றாக வேண்டும் என்பதே ஏற்பாடு. எஞ்சிய ஒன்பது பேருக்கும் திட்டவட்டமான இடமும் கடமையும் உண்டு. ஹாஜிக்கு இரண்டும் கிடையாது. அவர் வலப்புறம் உலாவலாம், இடப்புறம் ஒதுங்கலாம், பந்து இழந்தபின் நடந்துகூட வரலாம். 34ஆம் நிமிடத்தில் இடது பக்கக் கோட்டின் அருகிலிருந்து, முப்பது மீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்து, அவர் உயர்த்தி அடித்த பந்து முன்னே நின்றிருந்த கோல்கீப்பர் கோர்டோபாவின் தலைக்கு மேலே வளைந்து தூரக் கம்பத்தின் ஓரமாக வலைக்குள் இறங்கியது. அது கிராஸா, ஷாட்டா என்று இன்றும் சிலர் வாதிடுகிறார்கள்; அவர் அடித்த மற்ற கோல்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. ஆட்டம் 3–1 என முடிந்தது.

நான்கு நாள் கழித்து டெட்ராய்ட் அருகே கூரை மூடிய பாண்டியாக் அரங்கின் புழுக்கத்தில் சுவிட்சர்லாந்து அதே அணியை 4–1 என்று சிதறடித்தது. மாற்று வீரராக இறங்கிய முன்கள வீரர் இயோன் விளாடோயு சில நிமிடங்களிலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். யோர்தனெஸ்கு பதறி அணியையே மாற்றிவிடவில்லை. கோல்கீப்பர் ஸ்டெலியாவுக்குப் பதில் ப்ருனியாவைக் கொண்டுவந்தார்; மற்றபடி தன் அமைப்பைத் தொடவில்லை. அமெரிக்காவுடனான அடுத்த ஆட்டத்தில் பெட்ரெஸ்குவின் கோலால் 1–0 என வென்று குழுவில் முதலிடம் பெற்றார். ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. ரெதுச்சோயு இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்று அடுத்த ஆட்டத்துக்குத் தடை வாங்கினார். விளாடோயுவும் தடையில். அர்ஜென்டினாவுக்கு எதிரான நாக்அவுட் ஆட்டத்துக்கு நம்பி இறக்கக்கூடிய சென்டர் ஃபார்வேர்டு ஒருவரும் இல்லை.

அந்த இல்லாமையிலிருந்துதான் ருமேனியக் கால்பந்தின் மிக அழகான தொண்ணூறு நிமிடங்கள் பிறந்தன. ஜூலை 3 அன்று யோர்தனெஸ்கு, வழக்கமாக இடது பக்கத்தில் ஆடும் இலியே துமித்ரெஸ்குவை முன்னே நிறுத்தினார். அவர் நின்ற இடத்தில் நிற்கவே இல்லை. அர்ஜென்டினாவின் மத்தியத் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஆளே கிடைக்கவில்லை. 11ஆம் நிமிடத்தில் இடது ஓரத்திலிருந்து துமித்ரெஸ்கு அடித்த ஃப்ரீ கிக் கோல்கீப்பர் இஸ்லாஸைத் தாண்டி நேராக உள்ளே சென்றது. பாட்டிஸ்டுட்டா பெனால்ட்டியில் சமன் செய்த இரண்டே நிமிடத்தில், வலப்புறத்திலிருந்து ஹாஜி தடுப்பாட்டக்காரர்களின் கால்களுக்கிடையே வெட்டித் தந்த பந்தைத் துமித்ரெஸ்கு நிறுத்தாமலேயே வலைக்குள் தள்ளினார். 58ஆம் நிமிடத்தில் எல்லாம் தலைகீழானது: அர்ஜென்டினாவின் தாக்குதல் முறிந்தவுடன் துமித்ரெஸ்கு பாதி மைதானத்தை ஓடிக் கடந்து, வலப்புறம் உடன் ஓடிவந்த ஹாஜிக்குப் பந்தை விட்டார், ஹாஜி அதைத் தன் பலவீனமான வலது காலால் அடித்தார். பால்போ ஒன்றைத் திருப்பினாலும் 3–2 மாறவில்லை. ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி மரடோனா அதற்கு முன்பே தொடரிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார் என்பது உண்மை. அதை வைத்து ருமேனியாவின் வெற்றியைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. பாட்டிஸ்டுட்டா, பால்போ, சிமியோனே, ரெடோண்டோ ஆகியோர் ஆடிய அணியை எளிய எதிரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காலிறுதி ஜூலை 10 அன்று ஸ்டான்ஃபோர்டில் ஸ்வீடனுடன். இதில்தான் யோர்தனெஸ்குவின் மறுபக்கத்தைப் பார்க்க முடிகிறது. 78ஆம் நிமிடத்தில் சுவரைச் சுற்றிப் பந்தைக் கடத்திய தந்திர ஃப்ரீ கிக்கில் ப்ரோலின் கோல் அடிக்க, 88ஆம் நிமிடத்தில் தடை முடிந்து திரும்பியிருந்த ரெதுச்சோயு சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 101ஆம் நிமிடத்தில் அவரே இன்னொன்றும் அடித்தார். அடுத்த நிமிடத்தில் ஸ்வீடனின் ஷ்வார்ஸ் வெளியேற்றப்பட்டார். பதினெட்டு நிமிடம் மீதம், ஒரு கோல் முன்னிலை, எதிரே பத்துப் பேர். பந்தைக் காலில் வைத்துச் சுற்றவிடத் தெரிந்த அணி ஐரோப்பாவில் ஒன்று உண்டென்றால் அது அன்றைய ருமேனியாதான். ஆனால் அணி தன் பெனால்ட்டிப் பகுதியை நோக்கிப் பின்வாங்கியது. உயரமான ஸ்வீடன் வீரர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான். 115ஆம் நிமிடத்தில் பின்னாலிருந்து வந்த நெடும் பந்தில் கென்னட் ஆண்டர்சன், வெளியே வந்த ப்ருனியாவை முந்தித் தலையால் தட்டினார். 2–2.

பெனால்ட்டி சுற்றில் ஸ்வீடனின் முதல் உதை வானத்துக்குப் போயும் ருமேனியாவுக்கு அந்தச் சாதகம் நிலைக்கவில்லை. பெட்ரெஸ்குவின் உதையை ஸ்வீடன் கோல்கீப்பர் ராவெல்லி தடுத்தார். ஆறாவது சுற்றில் பெலோதெதிச்சின் உதையையும் தடுத்தார். பெலோதெதிச் 1986இல் செவிலில் ஆடியவர். 1988இல் யூகோஸ்லாவியாவுக்குத் தப்பிச் சென்று, 1991இல் ரெட் ஸ்டார் அணியோடு மீண்டும் ஐரோப்பிய கிளப் கோப்பை வென்றவர். அந்த இறுதியின் பெனால்ட்டி சுற்றில் தவறாமல் கோல் அடித்தவர். அவரை ஆறாவதாக அனுப்பியதில் குறை காண இடமில்லை. குறை இருந்தால் அது அந்தப் பதின்மூன்று நிமிடப் பின்வாங்கலில் இருக்கிறது. அணி தானாகப் பின்வாங்கியதா, பயிற்சியாளர் கையசைத்துப் பின்னே இழுத்தாரா என்பது இரண்டாம்பட்சம். அவர் பழக்கிய அணி அழுத்தத்தில் எதைச் செய்யும் என்பதே கேள்வி.

1996 ஐரோப்பியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. பிரான்சிடம் 0–1, பல்கேரியாவிடம் 0–1, ஸ்பெயினிடம் 1–2. பல்கேரியாவுக்கு எதிராக முந்தியானு அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டுக் கோட்டுக்குள் விழுந்ததை நடுவர்கள் கவனிக்கவில்லை. கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வருவதற்கு முந்தைய காலம். ஆனாலும் மூன்று ஆட்டங்களில் ஒரே கோல் என்பதற்கு அந்த ஒரு அநீதி மட்டும் காரணமாகாது.

நாட்டில் எழுந்த கோபத்தைத் தாண்டி அவர் பதவியில் நீடித்தது வியப்புதான். அதற்கு அவர் தந்த பதில் 1998 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று: பத்து ஆட்டங்களில் ஒன்பது வெற்றி, ஒரு சமன், 37 கோல்கள் அடித்து 4 மட்டுமே வாங்கியது. பிரான்சில் கொலம்பியாவை 1–0 எனவும், துளூஸில் இங்கிலாந்தை 2–1 எனவும் வென்று, மூன்றாவது ஆட்டத்துக்கு முன்பே அடுத்த சுற்று உறுதியானது. இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் கோல் அடித்த பெட்ரெஸ்கு, செல்சி கிளப்பில் தன் சகவீரரான லெ சோவைத் தோளால் தள்ளி முந்திக்கொண்டு, கோல்கீப்பர் சீமனின் கால்களுக்கிடையே பந்தைச் செலுத்தினார். துனீசியாவுடனான ஆட்டத்துக்கு வீரர்கள் எல்லோரும் தலைமுடியை மஞ்சளாகச் சாயம் பூசிக்கொண்டு வந்தனர். உலகக் கோப்பை வரலாற்றின் வேடிக்கைப் படங்களில் அது நிலையான இடம் பெற்றுவிட்டது. ராணுவ ஒழுங்கின் மனிதர் இதை அனுமதித்தாரா என்று ஆச்சரியப்படுவோருக்கு, தகப்பன் என்ற அந்த இன்னொரு முகத்தைத்தான் காட்ட வேண்டும். ஆட்டம் 1–1. அடுத்து போர்தோவில் குரோஷியாவிடம் 0–1; முதல் பாதியின் இறுதியில் கிடைத்த பெனால்ட்டியை டாவோர் ஷுக்கர் ஒருமுறை அடித்து, நடுவர் திரும்ப அடிக்கச் சொன்னதால் மறுபடியும் அதே இடத்தில் அடித்தார். ஹாஜிக்கு வயது 33. போபெஸ்குவும் பெட்ரெஸ்குவும் முப்பதைத் தொட்டிருந்தனர். ஒன்பது பேரை ஓடவைத்து ஒருவரை நடக்கவிடும் ஏற்பாட்டில், ஓட வேண்டியவர்களுக்கும் வயதாகிவிட்டது.

அதன்பின் கிரீஸ் தேசிய அணியில் குறுகிய காலம், பிறகு சவூதி அரேபியாவில் அல் ஹிலால், அல் இத்திஹாத். 2000இல் அல் ஹிலாலுடனும் 2005இல் அல் இத்திஹாதுடனும் ஆசியாவின் உச்ச கிளப் கோப்பையை வென்றார். அந்த ஆண்டு டிசம்பரில் டோக்கியோவில் நடந்த கிளப் உலகப் போட்டியில் அவருடைய அல் இத்திஹாத், எகிப்தின் அல் அஹ்லியை வென்று, பிரேசிலின் சாவோ பாலோவிடம் 2–3 என்று போராடித் தோற்றது. ஐரோப்பியக் கால்பந்து எழுத்தாளர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். ஆசியாவில் இதை அப்படிக் கடக்க வேண்டியதில்லை. இரு வேறு கிளப்புகளுடன் அந்தக் கோப்பையைத் தொட்ட பயிற்சியாளர்கள் மிகச் சிலரே.

இடையில் 2002இல் தேசிய அணிக்குத் திரும்பினார். அதற்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் ஹாஜி; உலகக் கோப்பைக்கான பிளே ஆஃபில் ஸ்லோவேனியாவிடம் தோற்று விலகியிருந்தார். யோர்தனெஸ்குவின் இரண்டாம் வருகையைக் குலைத்தவை 2004 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் டென்மார்க்குடன் நடந்த இரண்டு ஆட்டங்கள். 2003 மார்ச்சில் புகாரெஸ்டில் 2–5 எனத் தோல்வி. செப்டம்பரில் கோபன்ஹேகனில் 2–1 என்ற முன்னிலை, நிறுத்த நேரத்தின் ஐந்தாம் நிமிடத்தில் மார்ட்டின் லார்சனின் கோலால் பறிபோனது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் டென்மார்க் முதலிடம் பெற்று நேரடியாகத் தகுதி பெற்றது, ருமேனியா மூன்றாமிடம். முன்னிலையைக் கடைசி வரை காக்க முயன்று கைநழுவவிட்டது இரண்டாம் முறை. 2004 நவம்பரில் ஆர்மேனியாவுடன் 1–1 என முடித்த பிறகு விலகினார். 2008இல் சமூக ஜனநாயகக் கட்சியின் சார்பில் செனட் உறுப்பினராகவும் தேர்வானார். அரசியலில் அவர் பெயர் பெரிதாக எதற்கும் நினைவுகூரப்படுவதில்லை.

2014 அக்டோபரில் விக்டர் பிட்சுர்க்கா சவூதி கிளப்புக்காகப் பதவியைத் துறந்ததும், 64 வயதான யோர்தனெஸ்குவை மூன்றாம் முறையாக அழைத்தார்கள். 2016 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச்சுற்றைப் பத்து ஆட்டங்களில் ஐந்து வெற்றி, ஐந்து சமன் என்று தோல்வியின்றி ருமேனியா கடந்தது. வாங்கிய கோல்கள் இரண்டே இரண்டு, அடித்தவை பதினொன்று. ஆட்டத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல். 1998 தகுதிச்சுற்றின் 37 கோல்களோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், ஒரு நாட்டின் கால்பந்தில் இடையில் என்ன வற்றிப்போனது என்பது தெரியும். பழைய பயிற்சிப் பள்ளிகள் நிதியின்றிச் சிதைந்திருந்தன. கிளப்புகள் பல திவாலாகியிருந்தன. ஸ்டெயாவாவின் பெயருக்கே ராணுவமும் தனியார் உரிமையாளரும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டிருந்தனர்.

பாரிஸ் அருகே 2016 ஜூன் 10 அன்று தொடக்க ஆட்டம், பிரான்சுடன். நான்காம் நிமிடத்தில் கார்னரிலிருந்து ஸ்டான்குவுக்குக் கிடைத்த பொன்னான வாய்ப்பைப் பிரான்ஸ் கோல்கீப்பர் லோரிஸ் தடுத்தார். பின்தங்கிய பிறகு ஸ்டான்கு பெனால்ட்டியில் சமன் செய்தார்; 89ஆம் நிமிடத்தில் பிரான்சின் பாயெட்டின் இடது கால் அந்தச் சமனைக் கலைத்தது. சுவிட்சர்லாந்துடன் 1–1, ருமேனியாவின் கோல் மறுபடியும் பெனால்ட்டி. கடைசி ஆட்டத்தில், முதன்முறையாகப் பெரிய தொடர் ஒன்றில் ஆடிய அல்பேனியாவிடம் 0–1. மூன்று ஆட்டங்களில் ஓடும் ஆட்டத்திலிருந்து ஒரு கோல்கூட இல்லாமல் குழுவின் கடைசி அணியாக வெளியேறினார்கள். யோர்தனெஸ்குவைத் திட்டியவர்கள், அவர் மிகவும் பயந்து ஆடவைத்தார் என்றார்கள். பாதி சரி. வடிவம் 1994இல் இருந்ததுதான்: நெருக்கமான தடுப்பு, பொறுமை, எதிர்த்தாக்குதல். பந்து பறித்த பின் அதை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு மட்டும் அந்த அணியிடம் விடை இல்லை. விடை இல்லாதபோது வடிவத்தையே மாற்றும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர் அந்த வகையைச் சேர்ந்தவர் அல்ல.

அவருடைய மகன் எட்வர்ட் யோர்தனெஸ்கு 2022 ஜனவரியில் அதே பதவிக்கு வந்தார். தந்தையின் பெயரால் வந்தவர் என்ற ஏளனம் தொடக்கத்தில் இருந்தது. 2024 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் தோல்வியின்றி, சுவிட்சர்லாந்தைப் பின்தள்ளி முதலிடம் பெற்றதும் அது அடங்கியது. மியூனிக்கில் உக்ரைனை 3–0 என வென்றபோது, ஐரோப்பியக் கோப்பையில் 2000க்குப் பிறகு ருமேனியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. தந்தை தன் இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளிலும் ஆறு ஆட்டங்களில் பெறாத ஒன்று. முதல் கோலை நிக்கோலே ஸ்டான்சியு தூரத்திலிருந்து மேல் மூலைக்கு அடித்தார், எவர் அனுமதிக்காகவும் காத்திராமல். குழுவில் முதலிடம் பெற்று, அடுத்த சுற்றில் நெதர்லாந்திடம் 0–3 எனத் தோற்று எட்வர்ட் விலகியதும், பொறுப்பு 79 வயது மிர்ச்சா லூச்செஸ்குவிடம் போனது. எண்பதுகளின் பின்பாதியில் தினாமோவின் பயிற்சியாளராக எதிர் பெஞ்சில் அமர்ந்து, பெரிய யோர்தனெஸ்குவின் 104 ஆட்டத் தொடரை உடைக்க முயன்றுகொண்டிருந்தவர் அவர். ஹாஜியை 1983இல், பதினெட்டு வயதில், முதன்முதலாகத் தேசிய அணிக்கு எடுத்தவரும் அவரே.